நைஜீரியாவிலிருந்து பெரியப்பா போட்ட கடிதங்கள்: முத்திரையைக் கழற்றலாமா?

உப்புவெளிக்காரி:

வணக்கம். என் பெரியப்பா 1978 தொடக்கம் 1983 வரை நைஜீரியாவில், சொக்கோட்டோ மாநிலத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் கணிதம் படிப்பித்தவர். அங்கிருந்து மாதம் தவறாமல் அப்பம்மாவுக்குக் கடிதம் போட்டிருக்கிறார். அப்பம்மா எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் பேணிக்குள் கட்டி வைத்திருந்தார். போன கிழமைதான் எடுத்து எண்ணினேன். உறை 44, ஏரோகிராம் (எழுதி மடித்து அப்படியே ஒட்டி அனுப்புகிற வான்கடிதத் தாள்) 17.

நான் பள்ளிக்கூடம் போகிற காலத்தில் ஒன்பது முத்திரைகளைத் தண்ணீரில் ஊறப்போட்டுக் கழற்றி ஆல்பத்தில் ஒட்டினேன். உறைகளை எறிந்துவிட்டேன். அதை இப்போது நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது. மிச்சத்தையும் கழற்றித் தந்தால் வாங்குகிறேன், உறை வெறும் குப்பை என்று கொழும்பில் ஒரு வியாபாரி சொல்கிறார்.

ஓர் உறை இப்போது என் முன்னால் கிடக்கிறது. சிவப்பு நீலக் கரை, பெரியப்பாவின் சாய்ந்த எழுத்து, இரண்டு முத்திரை. ஒன்றில் சிறுத்தைகள், 10 கொபோ (நைஜீரியச் சில்லறைக் காசு). மற்றது 30 கொபோ, மீன்பிடிப் படம். இந்த மீன்பிடி முத்திரை பதினாறு உறையில் இருக்கிறது. சீலில் மார்ச் 3. பின்பக்கத்தில் எங்கள் திருகோணமலைத் தபால் கந்தோர்ச் சீல், மார்ச் 21. சில உறைகளில் பழுப்புப் புள்ளி விழத் தொடங்கிவிட்டது. என்ன செய்யலாம்?

பழைய உறை:

தங்கச்சி, ஒன்றையும் கழற்றாதீர்கள். அந்த முத்திரைகள் லட்சக்கணக்கில் அச்சானவை, தனியாக எங்கேயும் வாங்கலாம். சொக்கோட்டோவிலிருந்து 18 நாளில் திருகோணமலைக்கு வந்து சேர்ந்த கடிதத்தை எங்கே வாங்குவது? எந்த ஊரில் போட்டது, எத்தனை கொபோ ஒட்டியது, எத்தனை நாள் எடுத்தது, எல்லாம் உறையில்தான் இருக்கிறது. ஏரோகிராமில் முத்திரை தாளிலேயே அச்சடித்தது, அதை வெட்டினால் கடிதமே போச்சு.

நீங்கள் சொல்கிற இரண்டும் 1973இல் வந்த முத்திரை வரிசை. அந்த வருடம் ஜனவரி 1 அன்றுதான் நைஜீரியா பவுண், சிலிங்கை விட்டு நைராவுக்கு மாறியது. ஒரு நைராவுக்கு 100 கொபோ. சிறுத்தை யாங்காரி வனவிலங்குக் காப்பகத்தைக் காட்டுவது. மீன்பிடிப் படம் ஆர்குங்குத் திருவிழா. ஆயிரக்கணக்கான ஆட்கள் கைவலையும் பெரிய சுரைக்குடுவையுமாக ஒரே நேரத்தில் ஆற்றுக்குள் பாய்வார்கள், யார் பெரிய மீன் பிடிக்கிறார் என்று போட்டி. ஆர்குங்கு இன்று கெப்பி மாநிலம். ஆனால் 1991 வரை சொக்கோட்டோவுக்குள்தான் இருந்தது, அதாவது பெரியப்பா இருந்த மாநிலம்.

ஒரு பூதக்கண்ணாடி எடுத்து முத்திரையின் எழுத்து ஓரங்களைப் பாருங்கள். இந்த வரிசை இரண்டு விதமாக அச்சானது. ஓரம் பல்லுப் பல்லாகத் தெரிந்தால் போட்டோகிராவூர், சுத்தமாக இருந்தால் லித்தோ. எனக்கு இதைப் பிரித்துப் பார்க்கத் தெரிய இரண்டு வருடம் பிடித்தது, ஆனால் ஒருமுறை கண் பழகினால் விடாது.

அனுப்புநர் முகவரியில் பி.எம்.பி. என்று ஓர் எண் இருக்கிறதா? அது பிரைவேட் மெயில் பேக். தபால்காரர் வீடு வீடாகப் போவது அங்கே குறைவு. பள்ளிக்கூடத்துக்கென்று தபால் கந்தோரில் ஒரு பை இருக்கும், யாராவது போய் எடுத்து வருவார்கள். அந்த எண்ணைக் குறித்து வையுங்கள்.

கிண்ணியா வாத்தியார்:

என் மாமாவும் அந்தக் காலத்தில்தான் போனார். எண்ணெய்ப் பணம் வந்து, 1976இல் எல்லாப் பிள்ளைக்கும் ஆரம்பக் கல்வி என்று தொடங்க, அங்கே பள்ளிக்கூடங்கள் பெருகிவிட்டன. ஆசிரியர் போதாமல் வெளிநாட்டிலிருந்து எடுத்தார்கள்.

பழுப்புப் புள்ளி எங்கள் கடற்காற்றின் வேலை. முதலில் குண்டூசி, கிளிப், ரப்பர் வளையம் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள், துரு தாளைத் தின்னும். மெதுமெதுவென்று இருக்கிற, மணக்கிற பிவிசி பிளாஸ்டிக் உறைகள் வேண்டாம், அவை முத்திரை மையை இழுத்துவிடும். பொலிபுரொப்பிலீன் என்கிற பிளாஸ்டிக் உறையில் ஒவ்வொன்றாகப் போட்டு, இறுக்காமல் நிறுத்தி வையுங்கள். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு. மார்கழி, தை மழையில் வெளியே எடுக்கவே வேண்டாம். புள்ளி விழுந்ததைத் தனியாக வையுங்கள். வெயிலில் காய வைக்காதீர்கள், மை வெளிறிப்போகும். செலோடேப் ஒட்டியிருந்தால் இழுக்காதீர்கள், அப்படியே விடுங்கள்.

உப்புவெளிக்காரி:

இரண்டு பேருக்கும் நன்றி அண்ணா. வியாபாரிக்கு இல்லை என்று சொல்லிவிட்டேன். பி.எம்.பி. எண் எல்லா உறையிலும் இருக்கிறது, ஆனால் 1981க்குப் பிறகு வேறு எண். பள்ளிக்கூடம் மாறியிருப்பார் போல. வீட்டில் யாருக்கும் அது தெரியாது.

நேற்று இரவு ஒவ்வொன்றாகப் படம் எடுக்கும்போது உள்ளே இருந்த கடிதங்களையும் வாசித்தேன். மேலே ‘உ’, அடுத்து ‘சிவமயம்’, அப்புறம்தான் ‘அன்புள்ள அம்மாவுக்கு’. ஒன்றில் இப்படி இருக்கிறது: “முத்திரையில் இருக்கிற மீன்பிடியைப் பார்த்தீங்களா அம்மா? எனக்குப் போய்ப் பார்க்கக் கிடைக்கேல்லை. வகுப்பில் ஒரு பெடியன் சொன்னவன், வள்ளம் இல்லை, ஆளுக்கு ஒரு கைவலை, ஒரு சுரைக்குடுவை. அப்பா இருந்திருந்தால் கேட்டுக்கொண்டே இருந்திருப்பார்.”

அப்பப்பா உப்புவெளியில் கரைவலை இழுத்தவர்.