பிரிண்டில் வெள்ளை சாம்பலாகிறது: பேப்பரா, விளக்கா, லென்ஸா?

சாரல்வாசி (செங்கோட்டை):
35 மி.மீ. கறுப்பு வெள்ளை நெகடிவ்களை என்லார்ஜரில் (நெகடிவின் உருவத்தைப் பெரிதாக்கிப் பேப்பரில் விழவைக்கும் கருவி) 8க்கு 10 அங்குல அளவில் பிரிண்ட் போடுகிறேன். சாரல் தொடங்கியதிலிருந்து வெள்ளை வெள்ளையாக வருவதில்லை. ஆரியங்காவில் எடுத்த ஒரு படத்தில் இருண்ட வாசலை ஒட்டிப் பெரியவர் ஒருவர் நிற்கிறார். நெகடிவில் அவருடைய வேட்டி நல்ல அடர்த்தியாக இருக்கிறது. பிரிண்டிலோ மங்கல், வாசல் பக்கத்து ஓரத்தில் இன்னும் அழுக்கு. மல்டிகிரேட் ஆர்.சி. பேப்பர் (ஃபில்டர் எண் கூடினால் கறுப்பு வெள்ளை வேறுபாடும் கூடும் வகை), 50 மி.மீ. லென்ஸ், எஃப்/8, 2ஆம் எண் ஃபில்டர். டெவலப்பரை ஐஸ் வைத்து 20 டிகிரிக்குக் கொண்டுவந்துவிடுகிறேன். 4ஆம் எண் ஃபில்டர் போட்டால் வேட்டி கொஞ்சம் தேறுகிறது, முகம் கெட்டுப்போகிறது. புதுப் பேப்பர் வாங்குவதற்கு முன் கேட்டுக்கொள்கிறேன். ஒரு பெட்டி விற்கிற விலைக்கு ஊகத்தில் வாங்க முடியாது.

வேதியியல் வாத்தியார் (கொழிஞ்சாம்பாறை):
பேப்பருக்கு வயதாகியிருக்கும். இருட்டில் ஒரு துண்டை இரண்டாக வெட்டுங்கள். ஒன்றை நேரே ஹைப்போவில் (படத்தை நிலைக்கச் செய்யும் ஃபிக்ஸர் கரைசல்) போடுங்கள். மற்றதை வழக்கம்போல் டெவலப் செய்து பிறகு ஹைப்போவில் போடுங்கள். இரண்டையும் கழுவிப் பகல் வெளிச்சத்தில் ஒப்பிட்டுப் பாருங்கள். டெவலப் செய்த துண்டு மட்டும் சாம்பலாக இருந்தால் பேப்பர்தான் காரணம். டெவலப்பரில் சிறிது பொட்டாசியம் புரோமைடு சேர்த்து ஓரளவு சமாளிக்கலாம். பேப்பரின் வேகம் குறையும்.

சாரல்வாசி:
பார்த்துவிட்டேன் ஐயா. இரண்டு துண்டும் ஒரே வெள்ளை.

பழைய ஸ்டுடியோ (புனலூர்):
தம்பி, பேப்பரைப் பிடித்துவைக்கும் ஈசலின் தகடு மூடியிருந்த நான்கு பக்க விளிம்பு எப்படி இருக்கிறது? அது சுத்த வெள்ளை என்றால் பேப்பரையும் விட்டுவிடுங்கள், இருட்டறையில் எரியும் சிவப்பு விளக்கான சேஃப் லைட்டையும் விட்டுவிடுங்கள்.

சாரல்வாசி:
விளிம்பு பளிச்சென்றுதான் இருக்கிறது, அண்ணாச்சி.

எல்லைக்காரன் (களியக்காவிளை):
அண்ணாச்சி மன்னிக்க வேண்டும், சேஃப் லைட்டை அவ்வளவு சுலபமாக விட்டுவிட முடியாது. விளிம்பில் என்லார்ஜர் வெளிச்சமே படவில்லை. பேப்பர் ஒரு வரம்பைத் தாண்டும்வரை எதையும் காட்டாது. சேஃப் லைட்டின் கசிவு அந்த வரம்புக்குள்ளேயே நின்றால் விளிம்பு வெள்ளையாகவே இருக்கும். படம் விழுந்த இடத்தில் அதே கசிவு மேலே சேர்ந்து சாம்பலாகும். சிவப்புச் சாயம் பூசிய ஜீரோ வாட் பல்பு என்றால் சாயம் வெளுத்திருக்கிறதா என்றும் பாருங்கள். சரியான சோதனை இது: சேஃப் லைட்டை அணைத்துவிட்டு, பேப்பர் முழுவதும் இளஞ்சாம்பல் வருமளவுக்கு என்லார்ஜர் வெளிச்சம் கொடுங்கள். அதன்மேல் ஒரு நாணயத்தை வைத்து, சேஃப் லைட்டைப் போட்டு 5 நிமிடம் விடுங்கள். பிறகு நாணயத்தை எடுத்துவிட்டு, விளக்கை அணைத்து டெவலப் செய்யுங்கள். நாணயத்தின் வட்டம் தெரிந்தால் விளக்குதான் குற்றவாளி.

பழைய ஸ்டுடியோ:
நியாயம்தான். அதையும் செய்துவிடுங்கள். ஆனால் என் சந்தேகம் லென்ஸ்மேல். கேமராவில் லென்ஸ் மங்கினால் வெளிச்சம் இருட்டுக்குள் கசியும். என்லார்ஜரில் இருப்பது நெகடிவ் என்பதால் எல்லாம் தலைகீழ். படத்தின் கறுப்பு வெள்ளைக்குள் கசியும். வேட்டி முழுவதும் மங்கல் என்று மட்டும் சொல்லியிருந்தால் நானும் விளக்கைத்தான் சொல்லியிருப்பேன். வாசல் பக்கம் அதிக அழுக்கு என்கிறீர்களே, அதுதான் இடிக்கிறது. லென்ஸைக் கழற்றி, துவாரத்தை முழுக்கத் திறந்து, பின்னாலிருந்து டார்ச் அடித்துச் சாய்வாகப் பாருங்கள்.

சாரல்வாசி:
நாணயத்தின் தடமே இல்லை. டார்ச் அடித்ததும் தெரிந்துவிட்டது: வெளிக் கண்ணாடி சுத்தம், உள்ளே ஓரத்திலிருந்து நடுவை நோக்கி மெல்லிய வெள்ளை இழைகள் கிளை பிரிந்து ஓடுகின்றன. பூஞ்சைதானே? இன்னொன்றும் கண்ணில் பட்டது. நெகடிவைப் பிடித்திருக்கும் கேரியரின் சன்னல் படத்தின் ஃபிரேமைவிடப் பெரியது. ஃபிலிமின் ஓரத் துளைகள் வழியாகவும் வெளிச்சம் இறங்குகிறது. அங்கே கறுப்புக் காகிதம் வைத்து மறைத்ததுமே பாதி சரியாகிவிட்டது. லென்ஸை நானே பிரிக்கலாமா?

பழைய ஸ்டுடியோ:
பூஞ்சையேதான். ஜூன் தொடங்கினால் மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இதே தொல்லை. வளையம் கழற்றும் ஸ்பேனர் இல்லாமல் தொடாதீர்கள்; ஸ்க்ரூ டிரைவர் வழுக்கினால் கண்ணாடியில் கோடு விழும். கேமரா பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள். பூஞ்சை கண்ணாடியின் பூச்சை அரித்திருந்தால் துடைத்தாலும் தழும்பு நிற்கும்; அப்போது பழைய 50 மி.மீ. ஒன்றை வாங்குவதே மேல். வாங்கும் இடத்திலும் டார்ச் அடித்துப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

எல்லைக்காரன்:
மழைக்காலத்தில் லென்ஸை என்லார்ஜரிலேயே விடாதீர்கள். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். நீல ஜெல் இளஞ்சிவப்பானால் ஈரம் குடித்துவிட்டது என்று பொருள். சூடாக்கினால் மறுபடி நீலமாகும். பல்புக்கும் நெகடிவுக்கும் நடுவே வெளிச்சத்தைக் குவிக்கும் கண்டென்சர் கண்ணாடியையும் பார்த்துவிடுங்கள். அங்கே அழுக்கு இருந்தால் பிரிண்டில் மங்கலான திட்டாக விழக்கூடும்.

சாரல்வாசி:
கண்டென்சர் சுத்தமாக இருக்கிறது. லென்ஸைப் பழுது பார்க்கக் கொடுக்கப் போகிறேன். அது வரும்வரை பிரிண்ட் போடுவதை நிறுத்தி வைக்கிறேன், பேப்பராவது மிஞ்சட்டும்.