'ஒரே ஒரு எபிசோடு' நோயிலிருந்து மீண்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

எல்லோருக்கும் வணக்கம். வயது 26. சிரிக்காமல் படியுங்கள்.

வேலை முடிந்து வந்ததும் 'ஒண்ணே ஒண்ணு' என்றுதான் சீரிஸைப் போடுகிறேன். நேற்று நிறுத்தும்போது மணி இரண்டே முக்கால். நடுவில் 'இன்னும் பார்க்கிறீர்களா?' என்று திரையே கேட்டது. இருண்ட திரையில் என் முகம். போர்வைக்குள்ளிருந்து ஒரு விரலை மட்டும் நீட்டி 'ஆம்' அழுத்தினேன்.

கதை பிடித்துப் பார்த்தால் பரவாயில்லை. போன சீசனில் யார் செத்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஒரு மாதமாகப் பதில் போடாத மின்னஞ்சல் ஒன்று இருக்கிறது. சீரிஸ் ஓடும்வரை அது ஞாபகத்துக்கு வராது. அதற்காகத்தான் பார்க்கிறேன் என்பதே இப்போதுதான் உறைக்கிறது.

(காலின்ஸ் அகராதி 2015-லேயே 'பிஞ்ச்-வாட்ச்' (எபிசோடு மேல் எபிசோடாக ஒரே மூச்சில் பார்ப்பது) என்பதை ஆண்டின் சொல்லாக அறிவித்தது. நான் தனி ஆள் இல்லை என்று ஒரு அற்ப ஆறுதல்.)

ஆட்டோபிளேயை அணைத்துப் பார்த்தேன், இரண்டே நாளில் நானே திரும்பப் போட்டுவிட்டேன். செயலியை நீக்கினேன், ஞாயிற்றுக்கிழமை திரும்பி வந்துவிட்டது. எபிசோடின் நடுவிலேயே நிறுத்துவது மட்டும் ஓரளவு பலிக்கிறது. கொக்கியைக் கடைசி நிமிடத்தில்தானே போடுகிறார்கள்!

மீண்டவர்கள் சொல்லுங்கள், அந்த இரவு நேரத்தை எதை வைத்து நிரப்பினீர்கள்? 'புத்தகம் படி', 'சீக்கிரம் தூங்கு' வேண்டாம், அதை அம்மா தினமும் சொல்கிறார். இதற்கெல்லாம் மனநல ஆலோசகரிடம் போகலாமா? போனவர்கள் இருந்தால் முதல் நாள் என்ன கேட்டார்கள் என்று மட்டுமாவது எழுதுங்கள்.