எத்தனால் மக்காச்சோளத்தின் நொதி மாவாலைக்குள் போனால்?

கதிர்: அமெரிக்காவில் சின்ஜென்டா என்ற விதை நிறுவனம் விற்கும், மரபணு மாற்றிய எனோஜென் மக்காச்சோளத்தையே எடுத்துக்கொள்வோம். அந்நாட்டு வேளாண் துறை 2011 பிப்ரவரியில் இதன் மீதான கட்டுப்பாட்டை நீக்கியது. மாவுச்சத்தை வெட்டும், வெப்பம் தாங்கும் ஆல்ஃபா அமைலேஸ் என்ற நொதி இதன் மணிக்குள்ளேயே உருவாகிறது. எத்தனால் ஆலையில் அரைத்த சோளத்தை நீரில் கரைத்து 85 டிகிரி வரை சூடாக்கும்போது கூழ் இறுகி பம்பு திணறும். அதை இளக்கத் திரவ நொதி ஊற்றுவார்கள். இந்தச் சோளத்தை ஒரு பங்கு கலந்தால் அந்தச் செலவே இல்லை. இதில் என்ன குற்றம்?

வளர்மதி: பாதி செலவுதான் மிச்சம். அமைலேஸ் மாவுச்சத்தைத் துண்டாக்கும், அவ்வளவே. அதைக் குளுக்கோஸ் ஆக்க, ஈஸ்ட் சேர்க்கும் கட்டத்தில் குளுக்கோஅமைலேஸ் என்ற இன்னொரு நொதியை ஊற்றியே ஆக வேண்டும். என் கவலை வேறு. பத்தாயிரம் மணியில் ஒன்று கலந்தாலே சிப்ஸ் நொறுங்கும், மாவு பிசுபிசுக்கும் என்று அங்குள்ள மாவாலைச் சங்கம் அப்போதே எச்சரித்தது. நொதி தீர்ந்துபோகும் பொருள் அல்ல. சூட்டிலும் அடங்காமல் வெட்டிக்கொண்டே இருக்கும்.

கதிர்: அதனால்தானே ஒப்பந்தச் சாகுபடி? கூடுதல் விலை கொடுத்து விளைச்சல் நேராக எத்தனால் ஆலைக்கே போகிறது.

வளர்மதி: லாரிக்கு ஒப்பந்தம் போடலாம், காற்றுக்குப் போட முடியாது. மக்காச்சோளத்தில் முளைசூழ்தசைக்கும், அதாவது மணிக்குள் இருக்கும் மாவுப் பகுதிக்கும், தந்தையின் மரபணு போகிறது. பக்கத்து வயலில் மகரந்தம் விழுந்தால் அடுத்த தலைமுறை வரை காத்திருக்க வேண்டாம். அதே பருவத்துக் கதிரிலேயே நொதி உள்ள மணி இருக்கும்.

செழியன்: கலப்பைக் கண்டுபிடிக்கச் சோதனைப் பட்டை இருக்கிறதே என்பவர்களுக்கு ஒரு கணக்கு. பத்தாயிரத்தில் ஒன்றை 95 சதவீத உறுதியோடு பிடிக்க 30,000 மணி வேண்டும், ஏறக்குறைய 10 கிலோ. 800 மணியில் ஒன்றைக் காட்டும் பட்டை என்றால் 38 கூறாகப் பிரித்து, தனித்தனியே அரைத்து, தனித்தனியே பார்க்க வேண்டும். ஒரு பிடி அள்ளிப் பார்த்துவிட்டு லாரியை உள்ளே விடுவது சோதனையே அல்ல.

வளர்மதி: வெள்ளை மக்காச்சோளத்தில் மஞ்சள் மணி கண்ணிலேயே தெரிந்துவிடும். மஞ்சளில் மஞ்சள் கலந்தால் யாருக்குத் தெரியும்? ஊதா போல ஒரு நிற அடையாளத்தோடுதான் அனுமதித்திருக்க வேண்டும்.

கதிர்: அதை ஏற்கிறேன். ஆனால் நிற மரபணுவையும் நொதி மரபணுவையும் ஒரே துண்டாகச் செருக வேண்டும். தனித்தனி இடத்தில் இருந்தால் மகரந்தத்தில் பிரிந்துவிடும். நிறமே இல்லாத மணியிலும் நொதி ஒளிந்திருக்கும்.