டம்மி டக் (தொங்கும் வயிற்றுத் தோலை வெட்டி எடுக்கும் ஆபரேஷன்) செய்த அம்மாக்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம் தோழிகளே. வயது 36, ஊர் மதுரை. இரண்டு சிசேரியன், இரண்டாவதில் இரட்டைக் குழந்தைகள், இப்போது மூன்று வயது. தொப்புளுக்குக் கீழே தோல் மடிந்து தையல் தழும்பின் மேல் தொங்குகிறது. வெயில் காலத்தில் அந்த மடிப்பு வியர்த்து, சிவந்து, புண்ணாகிவிடும். பழைய காட்டன் துணியை மடித்து உள்ளே வைத்துக்கொண்டுதான் வேலைக்குப் போகிறேன்.

84 கிலோவிலிருந்து 67க்கு வந்து, ஒரு வருஷமாக அதிலேயே நிற்கிறேன். எடை இறங்க இறங்கத் தோல் இன்னும்தான் தளர்ந்தது. பெல்ட் ஆறு மாதம் போட்டேன். பிசியோதெரபி எட்டு மாதம்: நடுவயிற்றில் நான்கு விரல் அகலம் பிரிந்திருந்த தசை இரண்டரை விரலுக்கு வந்து நின்றுவிட்டது. ஸ்கேனில் ஹெர்னியா இல்லை. கிரீம்களுக்குக் கொட்டிய பணம் வீண்.

தோலை வெட்டி எடுத்து, தசையை இழுத்துத் தைக்கலாம் என்கிறார் பிளாஸ்டிக் சர்ஜன். இன்சூரன்ஸ் கிடைக்காது. இனி குழந்தை வேண்டாம் என்பது உறுதி. "அழகுக்காகவா கத்தி வைக்கப் போறே?" என்கிறார் அத்தை. அழகுக்கும்தான், அதில் என்ன தப்பு? என்னைத் தயங்க வைப்பது வேறு. ஆறு வாரம் கனம் தூக்கக் கூடாதாம். என் சின்னவள் தூக்கினால்தான் தூங்குவாள்.

கைக்குழந்தையோ சின்னப் பிள்ளைகளோ இருக்கும்போது இந்த ஆபரேஷன் செய்துகொண்டவர்கள், அந்த ஆறு வாரத்தை எப்படிச் சமாளித்தீர்கள்?