சீலிங் ஃபேன் சுற்றும் வீட்டில் காக்டெய்லுக்கு இறக்கை வெட்டலாமா?

(நான்கு பேர் புனைபெயரில் பேசிக்கொண்டது)

கூண்டுக்கதவு:

பட்ஜி, காக்டெய்ல் என்ற சின்னக் கிளிகளைக் கையில் பழக்கி வீட்டுக்குள் திறந்துவிடுகிறவர்கள் இப்போது அதிகம். அவர்களிடம் இறக்கை வெட்டவே கூடாது, அதாவது பறக்கும் இறகுகளைக் கத்தரிக்கவே கூடாது என்று சொல்கிறவர்களும் அதிகம். நான் வெட்டலாம் என்கிற கட்சி. முக்கியக் காரணம்: நம் வீடுகளில் தலைக்கு மேல் சுற்றுகிற ஃபேன்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 48 இஞ்ச் ஃபேன் முழு வேகத்தில் நிமிடத்துக்குச் சுமார் 350 சுற்று போடும். அப்படியானால் பிளேடு நுனி மணிக்குக் கிட்டத்தட்ட 80 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. பட்ஜியின் எடை 35 கிராம், காக்டெய்ல் 90 கிராம். ஒரு தட்டு பட்டால் போதும், மண்டையோ கழுத்தோ தோள் எலும்போ போய்விடும். சித்திரை வெயிலில் ஃபேனை நிறுத்துங்கள் என்று வீட்டுப் பெரியவர்களிடம் யார் சொல்வது? பால், கூரியர், பக்கத்து வீட்டுக் குழந்தை என்று வாசல் கதவும் நாளெல்லாம் திறந்து மூடும். வெளியே தப்பிய பட்ஜியைக் காகம் விட்டுவைக்காது.

முறையாக வெட்டினால் வலி கிடையாது. வளர்ந்து முடிந்த இறகு நம் நகம் மாதிரி. இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மெல்லிய துண்டால் பறவையைப் பிடித்து, கழுத்தை ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் தளர்வாக வைத்துக்கொள்ள வேண்டும். நெஞ்சில் விரல் அழுத்தவே கூடாது. பறவைக்கு உதரவிதானம் இல்லை. நெஞ்செலும்பு அசைந்தால்தான் மூச்சு. இறுக்கிப் பிடித்தால் கையிலேயே உயிர் போய்விடும். இன்னொருவர் இறக்கையை விரித்து வெளிநுனியிலிருந்து எண்ண வேண்டும். முதன்மை இறகுகள், அதாவது நுனிப்பக்கத்து நீள இறகுகள், பத்து. அதில் நுனியிலிருந்து ஐந்து, இரண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கை. மேலே மூடியிருக்கும் குட்டி இறகு வரிசையைத் தாண்டித்தான் கத்தரிக்கோல் படவேண்டும். ஒரு பக்கம் மட்டும் வெட்டும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அது பெரிய தப்பு, பறவை பம்பரம் மாதிரி சுழன்று விழும்.

வானம்பாடி:

ஃபேன் எமன் என்பதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் நீங்கள் சொல்லும் ஐந்து இறகு காக்டெய்லை அந்த ஃபேனிலிருந்து காப்பாற்றாது.

காக்டெய்லுக்கு உடம்பு லேசு, இறக்கையும் வாலும் நீளம். ஐந்து வெட்டினால் அமைதியாக இருக்கும்போது சறுக்கி இறங்கும், சரி. குக்கர் விசில் அடித்து மிரண்டால் அதே பறவை முழு பலத்தோடு அடித்து மேலே எழும்பும். அதுவும் தரையிலிருந்து அல்ல. காக்டெய்ல் உட்கார விரும்புவது பீரோ மேல், திரைச்சீலைக் கம்பி மேல். அது ஏழடி. ஃபேன் பிளேடு எட்டடி. இடையில் இருப்பது ஒரே ஒரு அடி. அந்த ஒரு அடியை எழும்ப மிச்சமுள்ள இறகுகள் போதும்.

எழும்பவே முடியாதபடி ஏழு எட்டு வெட்டினால் என்ன ஆகும்? கல் மாதிரி விழும். நெஞ்செலும்பு விளிம்பு போய்த் தரையில் அடித்து, மேலிருக்கும் தோல் பிளக்கும். அங்கே சதை கிடையாது, எலும்புக்கு மேலே நேராகத் தோல்தான். ஆறுவதற்குள் மறுபடி விழுந்து அதே இடம் மறுபடி பிளக்கும். ஃபேனுக்குப் போகாமலும் இருக்கவேண்டும், விழும்போது அடிபடாமலும் இருக்கவேண்டும் என்றால், அதற்கு ஏற்ற வெட்டு காக்டெய்லுக்கு இல்லை என்பதுதான் என் வாதம்.

இறகு திரும்ப முளைப்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். முளைக்கும் நாளைக் காலண்டரில் குறித்துவைக்க முடியாது. ஒவ்வொரு பக்கமும் இரண்டு இறகு வளர்ந்தாலே பறவைக்கு மேலே எழும்பும் பலம் வந்துவிடும். வீட்டில் இருப்பவர்களோ 'இதுக்குத்தான் இறக்கை வெட்டியிருக்கே' என்று தோளில் வைத்துக்கொண்டு பால்கனியில் நிற்பார்கள். காற்று ஒரு வீசு வீசினால் எதிர்மாடி. வெட்டாத பறவை உள்ள வீட்டில் இந்த அசட்டை வராது.

மருந்துப்பெட்டி:

வெட்டுவதா வேண்டாமா என்பதில் நான் தலையிடவில்லை. ஆனால் கூண்டுக்கதவு சொன்ன முறையில் முக்கியமான ஒன்று விடுபட்டிருக்கிறது: ரத்த இறகு.

புதிதாக முளைக்கும் இறகின் தண்டுக்குள் ரத்த ஓட்டம் இருக்கும். விளக்குக்கு எதிரே இறக்கையை விரித்துப் பார்த்தால் தெரியும். முதிர்ந்த இறகின் தண்டு வெளுத்து, உள்ளே காலியாக இருக்கும். ரத்த இறகின் தண்டு தடித்து, கருநீலமாக, மெழுகு பூசின மாதிரி ஓர் உறை சுற்றியிருக்கும். அதில் கத்தரி பட்டால் குழாய் திறந்த மாதிரி வடியும். பட்ஜியின் உடம்பில் மொத்த ரத்தமே சுமார் மூன்றரை மில்லி. பத்துச் சொட்டு என்பது அரை மில்லி. மனிதருக்கு ஒன்றுமில்லாத அளவு அதற்கு ஏழில் ஒரு பங்கு.

அப்படி ஆகிவிட்டால் சமையலறை சோளமாவை விரல்நுனியில் எடுத்து, தண்டு முனையில் இரண்டு மூன்று நிமிடம் விடாமல் அழுத்திப் பிடிக்கவும். நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது, கட்டின ரத்தம் கலைந்துவிடும். நின்ற பிறகு இருட்டான, வெதுவெதுப்பான பெட்டியில் ஒரு மணி நேரம் தனியாக விடவும். நிற்கவில்லை என்றால் உடனே மருத்துவர். இறகைப் பிடுங்கிவிடு என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். வீட்டில் பிடுங்கினால் இறகுக் குழி கிழியும், சின்னப் பறவைக்கு இறக்கை எலும்பே முறியலாம். சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மற்ற ஊர்க்காரர்கள் பறவை பார்க்கிற மருத்துவர் யார் என்று இப்போதே கேட்டுக் குறித்துவையுங்கள், ரத்தம் வடியும்போது தேட நேரம் இருக்காது.

இன்னொன்று. முளைக்கும் ரத்த இறகுக்கு இரண்டு பக்கமும் உள்ள முழு இறகுகள்தான் காவல். வரிசையாக ஐந்தை வெட்டிவிட்டால் புதிதாக வரும் ஒற்றை இறகு துருத்திக்கொண்டு தனியாக நிற்கும். கூண்டுக் கம்பியில் ஒரு அடி பட்டால் ஒடியும். வெட்டின பறவை கூண்டு முழுக்க ரத்தம் தெறித்துக் கிடப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். வெட்டின முனை சொரசொரப்பாக இருந்தால் விலாவில் குத்தும். அந்த உறுத்தலில் பறவை தன் இறகைத் தானே கடிக்க ஆரம்பிக்கும். அந்தப் பழக்கம் வந்தால் நிறுத்துவது பெரும் பாடு.

கூண்டுக்கதவு:

ரத்த இறகை நான் எழுதாமல் விட்டது பிழை. ஒரு இறகு உறையோடு இருந்தாலும் அதையும், அதன் இரு பக்கத்து இறகையும் தொடக்கூடாது என்று சேர்த்துக்கொள்ளுங்கள். குஞ்சுக்கு வெட்டக்கூடாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஐந்து வாரத்தில் கூட்டைவிட்டு வரும் குஞ்சு முதலில் பறக்க, திரும்ப, இறங்கப் படிக்கவேண்டும். அதைப் படிக்காமலே வெட்டப்பட்ட பறவை பிறகு இறகு வளர்ந்தாலும் சுவரில்தான் போய் மோதும்.

ஆனால் வானம்பாடி எட்டடி, ஏழடி என்று சொன்னதற்கு மாற்று என்ன என்று சொல்லவில்லையே? ஒரு ஹால், ஒரு படுக்கையறை, ஐந்து பேர் இருக்கிற வீட்டில் ஃபேனை யார் காவல் காப்பது? பயிற்சி, எச்சரிக்கை என்பதெல்லாம் பறவையைப் பார்த்துக்கொள்ளும் ஒருவர் வீட்டில் இருக்கும்வரைதான். அவர் குளிக்கப் போன நேரத்தில் இன்னொருவர் வந்து ஸ்விட்சைத் தட்டுவார்.

வானம்பாடி:

நியாயமான கேள்வி. ஸ்விட்சைத் தட்டுபவரை நம்பாமல் இருப்பதுதான் பதில்.

பறவைக்கு ஒரே ஒரு அறையை ஒதுக்குங்கள், வீடு முழுக்க வேண்டாம். நேரமும் நிலையாக இருக்கட்டும்: காலை ஆறரையிலிருந்து ஏழரை. கோடையிலும் அந்த ஒரு மணி நேரம் ஃபேன் இல்லாமல் தாங்கும். அந்த அறை ஃபேன் ஸ்விட்சின் மேல் அகலமான டேப் ஒட்டுங்கள். டேப்பை உரிக்காமல் ஸ்விட்ச் போட முடியாது, உரிக்கும் அந்த இரண்டு நொடியில் ஞாபகம் வந்துவிடும். ரிமோட் ஃபேன் என்றால் சுவர் ஸ்விட்சையும் அணைத்தாக வேண்டும், இல்லையென்றால் குழந்தை கையில் ரிமோட் போதும். அணைத்த உடனே கூண்டைத் திறக்காதீர்கள். பிளேடு முழுக்க நிற்கும்வரை கண்ணால் பார்த்துவிட்டுத் திறக்கவும். காற்று இல்லாமல் முடியவே முடியாது என்றால், நெருக்கமான வலை உறை மாட்டிய டேபிள் ஃபேன். உறை இல்லாத கம்பி இடுக்கில் பட்ஜி தலையை நுழைக்கும்.

ஜன்னலில் கொசுவலை. கண்ணாடி மூடியிருந்தால் திரைச்சீலையையும் இழுத்துவிடுங்கள். கண்ணாடியைத் திறந்த வெளி என்று நினைத்து முழு வேகத்தில் போய் மோதும். கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள். நிலைக்கதவின் மேல்விளிம்பில் பறவை உட்கார்ந்திருக்கும்போது சாத்தினால் கால் நசுங்கும், ஆகவே சாத்தும் முன் மேலே ஒரு பார்வை. பக்கெட் தண்ணீர், அகலப் பாத்திரம் எதுவும் திறந்திருக்கக்கூடாது. விழுந்தால் நனைந்த இறகோடு ஏற முடியாமல் மூழ்கிவிடும்.

கூப்பிட்டால் வருவதைப் பழக்குவது நினைப்பதைவிடச் சுலபம். தினைக்கதிரைச் சாப்பாட்டுக் கிண்ணத்தில் வைக்காதீர்கள், பயிற்சிக்கு மட்டும் வையுங்கள். காலைத் தீனிக்கு முன், ஒரே வார்த்தை, ஒரே மாதிரி நீட்டிய விரல். முதலில் ஒரு கையகல தூரம், பிறகு ஒரு அடி, மூன்று அடி. ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம், நாளைக்கு இரண்டு தடவை. வந்த ஒவ்வொரு தடவையும் இரண்டு மூன்று தினை கொறிக்க விடவும். வராவிட்டால் துரத்திப் பிடிக்காதீர்கள். ஒரு நாள் துரத்தினால் ஒரு வாரப் பழக்கம் போச்சு.

இதெல்லாம் எதற்கு என்றால், பறக்காத பட்ஜிக்கும் காக்டெய்லுக்கும் கொழுப்பு சேரும். வெறும் தானியமும் சூரியகாந்தி விதையும் தின்று உட்கார்ந்தே இருக்கும் பறவைக்கு ஈரல் கொழுத்துப்போகிறது. சிறகடிப்பதுதான் அதற்கு நடை, ஓட்டம் எல்லாம்.

மொட்டைமாடி:

அண்ணே, ரெண்டு பேரும் வீட்டுக்குள்ளயே நிக்கிறீங்க. மாடில பறக்கிற அளவு பெரிய கூண்டு வெச்சா இந்தச் சண்டையே வேண்டாம். ஆறடி நீளம், மூணடி அகலம், ஆறடி உயரம். உயரத்தைவிட நீளம் முக்கியம், பறவை குறுக்கேதான் பறக்கும். பட்ஜிக்கு வலைக் கண்ணி அரை இஞ்ச். ரெண்டு கதவு போடணும்: வெளிக்கதவைச் சாத்திட்டுத்தான் உள்கதவைத் திறக்கணும்.

புது ஜிஐ வலைல, அதாவது துத்தநாகம் பூசின இரும்பு வலைல, வெள்ளைப் பொடியும், துத்தநாகம் துளித்துளியா உறைஞ்சும் இருக்கும். பறவை அதைக் கொறிச்சா விஷம், பச்சையா கழியும், சோர்ந்து உட்காரும். வினிகரும் பிரஷ்ஷும் வெச்சு முழுக்கத் தேய்ச்சு, தண்ணில அலசி, வெயில்ல காயவெச்சுத்தான் பறவையை விடணும். உட்கார கொய்யாக் கிளை, வேப்பங்கிளை, தடிமன் வேற வேறயா. ஒரே தடிமன் உருட்டுக்கட்டைன்னா பாதத்துல ஒரே இடத்துல அழுத்தி புண்ணாகும்.

கூண்டுக்கதவு:

மாடி சொந்தமாக இருப்பவர்களுக்கு நல்ல வழி. வாடகை ஃபிளாட்டில் எங்கே வைப்பது? அரை இஞ்ச் கண்ணியில் சுண்டெலி நுழையும், இரவில் தீனித் தட்டை எடுக்காவிட்டால் எலிக்குப் பின்னால் பாம்பும் வரும். மே மாதம் நண்பகலில் மாடித் தளம் கொதிக்கும். பறவை வாயைத் திறந்து மூச்சுவாங்கி, இறக்கையை உடம்பிலிருந்து விலக்கிப் பிடித்தால் அது வெப்பத்தில் தவிக்கிறது. உடனே நிழலுக்குக் கொண்டுபோய் காலிலும் இறக்கைக்கு அடியிலும் சாதாரணத் தண்ணீர் தெளிக்கவேண்டும், ஐஸ் தண்ணீர் கூடாது.

மருந்துப்பெட்டி:

ஃபேனைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பதால் அடுப்பை மறந்துவிட்டோம். புகை விஷயத்தில் இறக்கை இருந்தாலும் ஒன்றுதான், வெட்டினாலும் ஒன்றுதான். நான்ஸ்டிக் தோசைத்தவாவை மாவு ஊற்றாமல் பெரிய தீயில் விட்டால் சில நிமிடத்திலேயே 260 டிகிரியைத் தாண்டும். அப்போது அந்தப் பூச்சிலிருந்து கிளம்பும் ஆவி பறவையின் நுரையீரலைத் தாக்கி, பக்கத்து அறையில் இருக்கும் பறவையையும் கொன்றுவிடும். மனிதருக்கு வாடைகூடத் தெரியாது. பறவை உள்ள வீட்டில் இரும்புத் தோசைக்கல்தான். கொசுவர்த்திச் சுருள், ஊதுவத்தி, வெள்ளிக்கிழமை சாம்பிராணி எல்லாவற்றுக்கும் பறவை வேறு அறையில், கதவு சாத்தி, ஜன்னல் திறந்து இருக்கவேண்டும். இரவில் கொசுவுக்குக் கூண்டின் மேல் பருத்திக் கொசுவலை போதும்.

வானம்பாடி:

ஏற்கனவே வெட்டின பறவையைக் கடையிலிருந்து வாங்கி வந்தவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். வெட்டின முனைகளைப் பிடுங்காதீர்கள், தானாக உதிரும். முழுக்க வளர ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் ஆகலாம். அதுவரை கூண்டைத் தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் வையுங்கள், கீழே மடித்த போர்வை. உட்காரும் கம்பிகளைத் தாழ்வாகவும் நெருக்கமாகவும் மாற்றி, ஒரு சின்ன ஏணி வையுங்கள். புது இறகுக்கு வேகவைத்த முட்டை வாரம் இரண்டு தடவை ஒரு சிட்டிகை, முருங்கைக்கீரை தினமும். காக்டெய்ல் இருட்டில் மிரண்டு கூண்டுக்குள் அடித்துக்கொள்ளும், அதனால் ராத்திரி சின்ன விளக்கு ஒன்று.

கூண்டுக்கதவு:

ஏணி, போர்வை இரண்டும் அவசியம், ஒத்துக்கொள்கிறேன். காக்டெய்லுக்கு ஐந்து இறகு போதாது என்ற கணக்கும் சரிதான், பீரோ உயரத்தை நான் யோசிக்கவில்லை. ஆனால் எந்நேரமும் ஃபேன் ஓடவேண்டிய ஒற்றை அறை வீட்டுக்கு டேப் உதவாது. அங்கே பறவையை வெளியே விடாமல் மூன்றடி நீளக் கூண்டிலேயே வைப்பதா, வெட்டி வெளியே விடுவதா?

வானம்பாடி:

மூன்றடிக் கூண்டில் ஜோடியாக. அதுவும் காக்டெய்ல் வேண்டாம், பட்ஜி. மூன்றடிக்குள் அது இரண்டு சிறகடி அடித்து அடுத்த கிளைக்குப் போய்விடும்.