மண்டபத்துக் கடல் முள்ளெலி: இது செட்டோசமா, சவிக்ன்யியா?

மண்டபத்தின் பாக் விரிகுடாக் கரையில், இடுப்பளவு நீரில் உள்ள பவளப் பாறை இடுக்குகளில் நீண்ட கரிய முட்களுடன் காணப்படும் கடல் முள்ளெலிகளை, சென்ற சனவரி முதல் இடம், ஆழம், எண்ணிக்கை ஆகியவற்றோடு பதிவு செய்து வருகிறேன். டயடெமா பேரினம் என்பதில் எனக்கு ஐயமில்லை, இனம்தான் முடிவாகவில்லை.

பெரும்பாலானவற்றில் ஐந்து வெண்புள்ளிகளும் மலவாயைச் சுற்றிய ஆரஞ்சு வளையமும் தெளிவாக இருப்பதால் அவற்றை டயடெமா செட்டோசம் என்றே குறித்தேன். ஆனால் ஒரே இடுக்கில் கண்ட நான்கில் அந்த வளையம் இல்லை. மாறாக, வெயில் சாய்ந்து விழும்போது உடலின் மேல் நீலக் கோடுகள் மின்னின. அது டயடெமா சவிக்ன்யியின் அடையாளம். எனினும் அவற்றுள் ஒன்றில் வெண்புள்ளிகளும் பளிச்சென்று இருந்தன. இவ்விரு இனங்களும் கலந்து கலப்பினம் தோன்றுவதுண்டு என்பதால் குழப்பம் கூடியது.

மேலிருந்தும் பக்கவாட்டிலும் படமெடுத்தேன், இரவில் விளக்கோடு சென்று பார்த்தேன், இனம் காணும் செயலியிலும் பதிவேற்றினேன். அங்கே இருவர் இரு வேறு பெயர் சொன்னார்கள். முட்களுக்கிடையே உள்ள, இடுக்கி போன்ற நுண்ணிய உறுப்புகளை நுண்ணோக்கியில் பார்த்தால் தெளிவாகும் என்றாலும், அதற்காக ஓர் உயிரைப் பெயர்த்தெடுக்க மனம் ஒப்பவில்லை. தவறான பெயரில் பரவல் வரைபடத்தில் ஏற்றவும் விருப்பமில்லை.

விலங்கைத் தொடாமல், படத்தை மட்டும் கொண்டு இவ்விரண்டையும் பிரிக்க நம்பத்தக்க அடையாளம் எது?