கண்ணாடி முன் அப்பா: பழைய நாடகங்களை இறுவட்டாக்கப் போன அனுபவங்கள்

கல்லடிப் பெண்:
1986இல் அப்பா நடித்த தொலைக்காட்சி நாடகத்தை அவருடைய பிறந்தநாளுக்கு இறுவட்டாக்கி உறவினர்களுக்குக் கொடுக்க விரும்பி, அனுமதி கேட்டுக் கொழும்பிலுள்ள தொலைக்காட்சி நிலையத்துக்குப் போனேன். நாடகம் தங்களுடையதுதான், ஆனால் நடுவில் வானொலியில் ஒலிக்கும் சினிமாப் பாட்டு தங்களுடையதல்ல என்றார் அலுவலர். அன்று பெற்ற அனுமதி ஒளிபரப்புக்கு மட்டுமானதாம். அவர் படத்தை நிறுத்திய இடம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது: அப்பா கண்ணாடி முன் தலை வாருகிறார், சீப்பு பாதி முடியில் நிற்கிறது, வாய் பாட்டோடு சேர்ந்து திறந்திருக்கிறது. “அந்த இடத்தில் வேறு இசை போட்டுத் தரலாம், மிஸ்” என்றார். நான் பதில் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டேன்.

கல்முனை வாசகர்:
வேறு இசை போட்டால் என்ன ஆகும் என்பதை நேரில் பார்த்தவன் நான். ‘டபிள்யூ.கே.ஆர்.பி. இன் சின்சினாட்டி’ 1978 முதல் 1982 வரை ஒளிபரப்பான, ஒரு வானொலி நிலையத்தைப் பற்றிய அமெரிக்க நகைச்சுவைத் தொடர். வீடியோ நாடாவில் எடுத்தால் பாடல்களுக்கான கட்டணம் குறைவு என்பதற்காகவே நாடாவில் எடுத்தார்கள். அந்த அனுமதிகள் காலாவதியானதால், 2007இல் வந்த முதற்பருவ இறுவட்டில் பல பாடல்களை மாற்றிவிட்டார்கள். டொரன்டோவிலிருந்து மச்சான் அதைக் கொண்டுவந்திருந்தார். பாட்டு வரப்போகிறது என்று மேசையில் தாளம் போடத் தொடங்கிய அவருடைய விரல்கள், வேறேதோ இசை வந்ததும் அப்படியே நின்றுவிட்டன. 2014இல் பெரும்பாலான பாடல்களோடு முழுத் தொடரும் வெளிவந்தது. ஆகவே, பணம் இருந்தால் முடியும்.

அக்கரைப்பற்று பழைய கசெற் கடைக்காரர்:
பணம் மட்டும்தான் என்று தம்பி சொல்வது பிழை. பாட்டை எழுதியவர், இசையமைத்தவர் பக்கத்து உரிமை ஒன்று, அதைப் பதிவுசெய்த நிறுவனத்தின் உரிமை இன்னொன்று. ஒன்று கிடைத்து மற்றது கிடைக்காவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. நிறுவனம் கைமாறியிருந்தாலோ மூடப்பட்டிருந்தாலோ, கையொப்பமிட ஆளைத் தேடுவதே பெரும்பாடு. நமது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி ஒளி ஒலிப் படைப்புக்கு 70 ஆண்டுப் பாதுகாப்பு உண்டு என்பதால், 1986 நாடகத்தின் உரிமை முடியவே 2056 வரை பொறுக்க வேண்டும்; பாட்டின் கணக்கு வேறு. தங்கச்சி, முதலில் உங்கள் வீட்டுக் கசெற்றைக் கணினிக்கு மாற்றுங்கள். கடற்கரைக் காற்றில் பூஞ்சணம் பிடித்த நாடாவைத் துடைக்காமல் டெக்கில் போட்டால், டெக்கும் கெடும், நாடாவும் அறுந்துபோகும். தெரிந்தவரிடம் கொடுத்துச் செய்யுங்கள், மூலக் கசெற்றை எறிந்துவிடாதீர்கள்.

என் கதை சிறியது. மகள் நடித்த நாடகத்தைத் தேடி ஒரு தாய் கடைக்கு வந்தார். என்னிடம் இருந்த ஒரே பதிவின் மேல் 1996 உலகக் கிண்ண இறுதி ஆட்டத்தை நான் பதிந்திருந்தேன். அரவிந்த டி சில்வா அடித்துக்கொண்டிருக்க, அந்தத் தாய், ஆட்டம் முடிந்து மகள் வருவாள் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

கல்லடிப் பெண்:
காக்கா, கசெற்றை எப்போதோ மாற்றிவிட்டேன். நான் கேட்டது அதுவல்ல. நேற்று ஒலியை அணைத்துவிட்டு அந்தக் காட்சியை அப்பாவுக்குக் காட்டினேன். நாடகத்தில் பல்லவி மட்டுமே வருகிறது. காட்சி மாறிய பிறகும் அவர் சரணத்தைப் பாடிக்கொண்டிருந்தார்.